ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பிக்

கிட்டார் பிக்கை டஜன் கணக்கில் வாங்கக் கூடாது, மேடம். டஜனாக வாங்கினால் பஸ்சில் ஒன்று, பந்தலில் ஒன்று என்று தொலைத்துக்கொண்டே போவோம். ஒன்றே ஒன்று வாங்கி, அது தேய்ந்து தீரும்வரை அதையே வைத்து வாசிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதை நான் எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். யாரும் காது கொடுத்ததில்லை. முதல்முறையாக நீங்கள்தான் தாளும் பேனாவும் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து விவரமாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் போலீஸ் ஸ்டேஷனில். எனக்கு வாய்க்கிற மேடையெல்லாம் இப்படித்தான்.

பெயர் ஜெகதீஷ். வயது நாற்பத்தெட்டு. முந்தல் ரோட்டில் இருக்கும் ஏலக்காய்க் கிட்டங்கியில் சூப்பர்வைசர். மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காய்ந்த காயை வாலெடுத்து, சலித்து, தரம் பிரித்து அனுப்புவது எங்கள் வேலை. மாலையிலும் விடுமுறையிலும் நான் 'மலைச்சாரல்' மெல்லிசைக் குழுவில் லீடு கிட்டார். லீடு கிட்டார் என்றால், பாடகர் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் தனியாக வாசிப்பவன். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலும் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

நீங்கள் பிளாஸ்டிக் கவரில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கறுப்புச் சில்லுதான் பிக். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கம்பியை மீட்டுவதற்கு. மூன்று முனை இருக்கும். ஒன்று தேய்ந்தால் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம். நான் திருப்பியதே இல்லை.

பிக் எப்படித் தேயும் என்பது ஆளைப் பொறுத்தது. சடசடவென்று ரிதம் அடிப்பவர்களுக்கு மெல்லிய பிக் போதும். அது ஓரமெல்லாம் நைந்து, நடுவில் கீறல் விட்டு, ஒருநாள் சரணத்தில் உடையும். லீடு வாசிக்கத் தடிமன் வேண்டும். அது உடையாது, முனை மட்டும் மழுங்கும். கம்பிக்கு நேராகப் பிடிப்பவருக்கு முனை சமமாக உருளும். சாய்த்துப் பிடிப்பவருக்கு ஒரு தோள் மட்டும் சரிந்து, சாணை பிடித்த அரிவாள்மணை மாதிரி ஆகிவிடும். இறுக்கிப் பிடிப்பவரின் கட்டைவிரல் பட்டுப் பட்டு, பிக்மேல் அச்சடித்த எழுத்து ஒரே வாரத்தில் அழிந்துபோகும். தேய்ந்த பிக்கைக் கையில் கொடுத்தால், வாசித்தவர் எத்தனை வருடம் வாசித்தார், எந்தக் கம்பியில் அதிகம் நின்றார், கோபக்காரரா சாந்தமா என்பது வரை நான் சொல்லிவிடுவேன். டீக்கடையில் இதை வைத்துப் பந்தயம்கூடக் கட்டியிருக்கிறேன். போடியில் கிட்டார் வாசிப்பவர்கள் மொத்தமே ஒன்பது பேர் என்பதால் தோற்பதற்கு வழியில்லை.

நான் தேய்த்த பிக் எதையும் தூக்கிப் போட்டதில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி மகாராணிக்கு அந்த டின்னைக் கண்டாலே ஆகாது. "வெட்டுன நகத்தச் சேத்து வச்ச மாதிரி இருக்கு, தூரப் போடுங்க" என்பாள். எனக்கு அது இருபத்திரண்டு வருட உழைப்பு. ஒவ்வொன்றும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே மாதிரித் தேய்ந்திருக்கும். ஒழுக்கம் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அருள்மொழி வந்த பிறகுதான் அதற்கு வேறு பெயர் இருப்பது தெரிந்தது.

அருள் சிலமலைக்காரன். விவசாயக் குடும்பம். ஐ.டி.ஐ. படித்துவிட்டுத் திருப்பூரில் சில வருடம் மிஷின் ஓட்டினான். கல்யாணமானதும் ஊருக்கே வந்துவிட்டான். முப்பத்தொரு வயது. கிட்டங்கியில் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அவனுக்குக் கிட்டார் வரும் என்று தெரிந்ததும் குழுவுக்குக் கூட்டிப்போனதும் நான்தான். இதை நான் செய்த நல்ல காரியங்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியல் அத்துடன் முடிகிறது.

அவன் பிக்கைப் பிடிப்பதே பிடிப்பது மாதிரி இருக்காது. கீழே விழுந்தால் விழட்டும் என்று விட்டுவைத்த மாதிரி இருக்கும். கையிலிருந்து சத்தம் வருவது தெரியாது; ஆனால் கடைசி வரிசையில் கடலை விற்பவர் வரைக்கும் கேட்கும். மூன்று முனையையும் மாற்றி மாற்றிப் பிடிப்பான். எட்டு மாதம் வாசித்த பிக்கை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். எழுத்துக்கூட அழியவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு தந்துவிடுவார்கள் போல இருந்தது. இவன் என்ன வாசிக்கிறானா, தடவிக்கொடுக்கிறானா என்று அன்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மகாராணி சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள வாசிச்சா நல்லாத்தான இருக்கு" என்றாள்.

குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் அம்மன் கோயில் பொங்கல். மலையில் கச்சேரி என்றால் பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஆறுக்குள் சுருட்டிவிட வேண்டும். இருட்டினால் யானை இறங்கும், ஜீப்பு இறங்காது. ஏலச்செடிகளுக்கு நடுவில் தார்ப்பாய் கட்டிய மேடை. எஸ்டேட்டுக்காரர்கள் மஞ்சு என்று சொல்கிற மூடுபனி மேடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஈரத்தில் பிக் வழுக்கியது. வழுக்க வழுக்க நான் இறுக்கினேன். என் தனி வாசிப்பு நடுவில் பிக் கையிலிருந்து பறந்து, டிரம்மில் பட்டு ஒரு 'டங்' சொல்லிவிட்டு, அருள் காலடியில் விழுந்தது. அந்த 'டங்' தாளத்தோடு சரியாகப் பொருந்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அருள் குனிந்து எடுத்தான். ஒரு பார்வை பார்த்தான். பக்கத்தில் வந்து, என் காதோரம், மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னான்:

"அண்ணே, கொஞ்சம் விட்டுப் பிடிங்கண்ணே. இறுக்கிச் சாய்க்கிறதாலதான் ஒரு பக்கமாத் தேயுது."

பாடகர் தண்ணீர் குடிக்கப் போகும்போது மைக்கை அணைக்காமல் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார். மரத்தில் கட்டிய நாலு குழாய் ஸ்பீக்கரிலும் அது போனது. எதிர்மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை சொன்னது. கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து நின்று, "அட, விட்டுத்தான் பிடியேன் அப்பு!" என்றது. இருநூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன் நான்.

மறுநாளே அது கிட்டங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது. காய் பொறுக்கும் பெண்களில் பாதிப் பேரின் சொந்தக்காரர்கள் அந்த எஸ்டேட்டில்தான் வேலை. நான் ஒரு சாக்கைப் பிடித்து இழுத்தால், "விட்டுப் பிடிங்க சூப்பர்வைசரே" என்று ஒரு குரல். டீ டம்ளரைத் தூக்கினால் இன்னொரு குரல். அருள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களை, "சும்மா இருங்கத்தா, அண்ணன் சங்கடப்படும்" என்று அதட்டினான். அவனும் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கபாண்டி வந்தார். குழுவின் தலைவர் அவர்தான். கீபோர்டு வாசிப்பார், பகலில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ச் சித்திரைத் திருவிழாக் கச்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. சாமி ஊர்வலம் மேடையைத் தாண்டும்போது பாட்டை நிறுத்திவிட்டு லீடு கிட்டார் மட்டும் ஏழு நிமிடம் வாசிக்க வேண்டும். அப்போது யாரும் தண்ணீர் குடிக்கப் போக முடியாது, தெரு அடைத்துக் கூட்டம் நிற்கும். பதினைந்து வருடமாக அந்த ஏழு நிமிடம் என்னுடையது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்: என் வாழ்க்கையில் இருந்தது அந்த ஏழு நிமிடம்தான். மற்றதெல்லாம் ஏலக்காய்.

"மாப்ளே, தப்பா நெனைக்காத" என்றார் தங்கபாண்டி. "இந்த வருசம் அந்த ஏழு நிமிசத்த அருளுக்கிட்டக் குடுத்துருவோம். நீ ரிதம் போடு. ஒனக்கும் கை வலி இல்லாம இருக்கும்."

"அதுக்கென்னண்ணே, தம்பி வாசிக்கட்டும்" என்றேன். எனக்குக் கை வலி என்று யார் சொன்னது என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கிட்டங்கி பூட்டுகிற நேரத்தில் அருள் வந்து நின்றான். "அண்ணே, ஒங்களுக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லுங்க. நான் வேணாம்னு தங்கபாண்டி அண்ணங்கிட்டச் சொல்லிர்றேன். நீங்களே வாசிங்க."

அதாவது அந்த ஏழு நிமிடத்தை அவன் தட்டில் வைத்து என்னிடமே நீட்டினான். நான் வாங்கியிருந்தால் இந்தத் தாளெல்லாம் மிச்சம். "சேச்சே, எனக்கென்ன பொறாமையா?" என்று சொல்லி அவன் முதுகில் தட்டி அனுப்பிவைத்தேன். அடுத்தவன் விட்டுக்கொடுத்து வாசிக்கிற ஆளா நான்? தன்மானம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு தூரம் போனேன் என்பதை இனிமேல் எழுதுகிறேன்.

முதலில் அந்த மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ந்த ஏலக்காயின் வாலையும் பூக்காம்பையும் தேய்த்து எடுக்கிற மிஷின். உள்ளே இரும்புக் கம்பிப் பிரஷ் வைத்த உருளை சுற்றும். மேலே மூடி. மூடிக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பட்டன். மூடினால் பட்டன் அமுங்கும், மிஷின் ஓடும். திறந்தால் பட்டன் எழும்பும், மிஷின் நிற்கும். யாருடைய கையும் உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் ஈரக்காய் வரும் நாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் திறந்து, நின்று, மறுபடி ஓட்டினால் லோடு அன்றைக்குள் முடியாது. அதனால் எங்கள் பக்கத்துக் கிட்டங்கிகளில் அந்தப் பட்டனை யாரும் மதிப்பதில்லை. தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகி, எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்துவிடுவார்கள். மூடி திறந்திருந்தாலும் ஓடும்.

அருள் ஒருத்தன்தான் அதைச் செய்ய மாட்டான். காலையில் வந்ததும் முதல் வேலையாக மூடியைத் திறந்து, முந்தைய ஷிப்டுக்காரன் சொருகிய அட்டையைப் பிடுங்கி எறிவான். "கையிதாண்ணே நமக்குச் சொத்து" என்பான். வேலை கொஞ்சம் தாமதமாகும். நான் கண்டுகொள்ளவில்லை. நானும் கிட்டார்க்காரன் இல்லையா.

இன்னொரு வழக்கமும் உண்டு. கரண்ட் போனால் மிஷின் தானாக நிற்கும். அந்த இடைவெளியில் மூடியைத் திறந்து அடைப்பை எடுத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் பின்னால் போய் ஜெனரேட்டரை ஓடவிட்டு, உள்சுவரில் இருக்கும் பெரிய சுவிட்சைத் திருப்ப வேண்டும். திருப்பும் முன் "போடவா?" என்று கத்த வேண்டும், மிஷின்காரர் "போடு" என்று சொன்ன பிறகே திருப்ப வேண்டும். இது நான் போட்ட சட்டம். சுவரில் சிவப்புப் பெயிண்டில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள்.

திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதாந்திர மின்தடை. ஒன்பது அடித்ததும் கரண்ட் போனது. அருள் மூடியைத் திறந்து அடைப்பை எடுக்கக் கையை விட்டான். ஜெனரேட்டர் கரண்ட் வந்தது. மூடி திறந்திருந்தும் உருளை சுற்றியது. வலது கையில் ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றும் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஜீப்பில் தேனி வரைக்கும் அவன் கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனது நான்தான். வழி முழுக்க மணிக்கட்டை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்படிப் பிடித்ததால்தான் ரத்தம் அதிகம் போகவில்லை என்று டாக்டர் பாராட்டினார். என் பிடியை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் பாராட்டியது அங்கேதான்.

திருவிழாவில் ஏழு நிமிடமும் நானே வாசித்தேன். பிக் கையை விட்டுப் பறக்கவில்லை. நன்றாகவே வாசித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாலாவது நிமிடத்தில் தங்கபாண்டி மைக்கைப் பிடித்து, "ஆஸ்பத்திரியில இருக்கிற நம்ம தம்பி அருள்மொழிக்காக எல்லாரும் ஒரு தடவ கைதட்டுங்க" என்றார். தெருவே அதிர்ந்தது. பதினைந்து வருடத்தில் அந்த மேடையில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. அது என் ஏழு நிமிடத்துக்குள் வந்ததால் என் கணக்கில் சேருமா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

ஒன்றரை மாதம் கழித்துச் சிலமலைக்குப் போனேன். ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிப் போனேன். அருளின் மனைவி காளீஸ்வரி வாசலிலேயே, "வாங்கண்ணே, நீங்க மட்டும் அன்னைக்குக் கூட இல்லைன்னா..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உட்காரவைத்து, "கலரு கொண்டாரேன், இருங்க" என்று கடைக்குப் போனாள். உள்ளே அருள் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தான்.

கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பிக்கை வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். சுண்டுவிரலுக்கு அந்தப் பலம் ஏது? பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். பிக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு கம்பி பட்டது, மூன்றாவது தப்பியது. என்னைப் பார்த்ததும் சிரித்தான். பிக்கை நீட்டினான்.

"பாருங்கண்ணே. இருவது நாள்தான் ஆச்சு. அம்புட்டும் ஒரு பக்கமாத் தேஞ்சிருச்சு. ஒங்க பிக் மாதிரியே இருக்குல்ல? அன்னைக்கு மலையில தெரியாத்தனமாச் சொல்லிட்டேண்ணே. இறுக்குறவனுக்குத்தான் தெரியுது, ஏன் இறுக்குறோம்னு."

வாங்கிப் பார்த்தேன். எழுத்து அழிந்திருந்தது. ஒரு தோள் சரிந்திருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இன்னொருவர் கையில் என் தேய்மானத்தை அன்றுதான் பார்த்தேன். உங்களுக்கு இது எப்படித் தோன்றுமோ தெரியாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனம் நிறைந்த சந்தோஷம். அவன் தோளில் கை வைத்து, "கொஞ்சம் விட்டுப் பிடி, தம்பி" என்றேன். அவன் தலையாட்டினான். காளீஸ்வரி கொண்டுவந்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு, கடைசி பஸ்சுக்கு முந்தின பஸ்சைப் பிடித்து வந்துவிட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

காளீஸ்வரிதான் விடவில்லை. மூடி திறந்தும் மிஷின் ஏன் ஓடியது என்று முதலாளியிடம் போய் நின்றாள். எல்லாரும் செய்வதுபோல அருளே பட்டனில் எதையாவது சொருகியிருப்பான் என்றார்கள். "அவரு சொருக மாட்டாரு. மத்தவங்க சொருகுன அட்டையத் தெனமும் புடுங்கிப் போடுற மனுசன் அவரு" என்று ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்தாள். நீங்கள் மெக்கானிக்கைக் கூட்டி வந்து மிஷினைப் பிரித்தீர்கள். பட்டனுக்குப் பக்கத்து இடுக்கிலிருந்து அந்தக் கறுப்புச் சில்லு வந்தது.

கிட்டார் பிக் என்றதும் எல்லாருக்கும் நிம்மதி. மிஷின்காரனே கிட்டார்க்காரன், அவன் பிக்கை அவனே சொருகிக்கொண்டான், அவன் விரல் போனதற்கு அவனே காரணம், ஒரு பைசா நஷ்டஈடு கிடையாது, கதை முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டல் ஆட்டியிருந்தால் போதும். ஆட்டுவதாகத்தான் இருந்தேன். நீங்கள் தங்கபாண்டியையும் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்கு வந்து, இந்தக் கவரை நீட்டி, "இது அருள்மொழியோடதுதானா?" என்று கேட்டபோது தலை பாதி ஆடியும் விட்டது.

அப்போது தங்கபாண்டி கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவனோடதுதான் மேடம். பாருங்க எப்படித் தேஞ்சிருக்குன்னு. எம்புட்டு வாசிச்சிருந்தா இப்பிடித் தேயும். உழைப்பாளிப் பய" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

என் பாதித் தலையாட்டல் நின்றுவிட்டது.

"இல்ல மேடம்" என்றேன். "அருள் பிக் இப்படித் தேயாது. அவன் பட்டும் படாமப் பிடிக்கிறவன். இது குறைஞ்சது ஒரு மாசம் ஒரே முனையில, ஒரே சாய்வுல வாசிச்சது. இந்தத் தோள் சரிவைப் பாருங்க. எழுத்து எப்படிச் சுத்தமா அழிஞ்சிருக்கு பாருங்க. இதுக்கெல்லாம் இருபது வருஷப் பழக்கம் வேணும்." அரை மணி நேரம் விளக்கினேன். தாளில் படம்கூட வரைந்து காட்டினேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இது யாரோடது சார்?" என்றீர்கள்.

நம்புங்கள், மேடம், அப்படி ஒரு கேள்வி வரும் என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மகாராணியே டின்னைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தாள். "எல்லாம் இதுலதான் மேடம் இருக்கு. எரநூத்திப் பன்னெண்டுன்னு வர்றவங்கட்டயெல்லாம் பீத்திக்கிருவாரு." நீங்கள் எண்ணினீர்கள். இருநூற்றுப் பதினொன்று. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னைப் பார்க்கவில்லை.

அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். மின்தடை அறிவிப்பு செய்தித்தாளில் வந்த அன்றே வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மின்தடைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கிட்டங்கியில் யாரும் இல்லாதபோது டின்னோடு போனேன். அட்டையைச் சொருகினால் அருள் கண்டுபிடித்துவிடுவான். கறுப்புப் பட்டனுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதாவது வேண்டும். மெல்லிய பிக் வளைந்தது, பட்டன் அதைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டது. புதிய தடிமன் பிக் இடுக்கில் நுழையவே இல்லை. டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஒரு பிக், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், அதன் தேய்ந்த சரிவு ஆப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பட்டன் அமுங்கியே நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. என் தவறான பிடி ஒரே ஒரு வேலைக்காவது சரியாகப் பொருந்தியதே என்று அங்கே நின்று தனியாகச் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அருள் வழக்கம்போலப் பட்டனைப் பார்த்து, அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். அந்த ஐந்து நிமிடத்தில், ஞாயிறன்று பொருந்திய அதே பிக்கை அழுத்திச் சொருகினேன். பிறகு ஒருநாள் எடுக்கப் பார்த்தபோது இறுகிப்போயிருந்தது, வரவில்லை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரை ஓடவிட்டேன். சுவிட்ச் பக்கத்தில் வந்து நின்றேன். அங்கிருந்து மிஷின் நேராகத் தெரியும். அவன் கையை உள்ளே விட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அடைப்பைத் துழாவிக்கொண்டிருந்தான். "போடவா?" என்று கேட்டேன். சட்டத்தை மீறவில்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் கேட்டேன். பதில் வரவில்லை. திருப்பினேன்.

ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டால், மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அப்பாவிமேல் பழி விழக் கூடாது என்றுதான் அன்று வாயைத் திறந்தேன். காளீஸ்வரிக்கும் இனி நஷ்டஈடு கிடைக்கும். கோர்ட்டில் என்ன தீர்ப்பானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம். கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில், 'அருள்மொழி பயன்படுத்தியதாகக் கருதப்படும் பழைய கிட்டார் பிக் ஒன்று' என்று இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். நாளைக்கு வக்கீலும் நீதிபதியும் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். இது யார் தேய்த்தது என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும். அருள் நன்றாக வாசிப்பான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிக்கை இப்படித் தேய்க்க அவனுக்கு வராது. இப்போதுதான் கொஞ்சம் வருகிறது. அதற்கும் நான்தான் காரணம் என்பதை எங்காவது ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.